பிறப்பதற்கு முன் இதயம்

கருவில் முதலில் வேலையைத் தொடங்கும் உறுப்பு இதயம். கருத்தரித்த 22 அல்லது 23-ஆம் நாளில் அது துடிக்க ஆரம்பிக்கிறது. அப்போது கருவின் நீளம் சில மில்லிமீட்டர்தான். அதுவரை செல்களுக்கு வேண்டியது சுற்றிலுமிருந்து ஊறி வந்தே சேர்கிறது. கரு பருத்ததும் அது போதாமல் போகிறது. ஆகவே மற்ற உறுப்புகள் உருப்பெறும் முன்பே இரத்தத்தைத் தள்ள ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது.

அந்த முதல் இதயத்தில் அறைகள் கிடையாது. இரண்டு மெல்லிய குழாய்கள் ஒட்டி ஒன்றாகிய ஒற்றைக் குழாய் அது. இருக்கும் இடத்தைவிட வேகமாக நீள்வதால் வலப்பக்கமாக வளைகிறது. இந்த வளைவில்தான் பின்னாளில் மேலறைகள் மேலேயும் கீழறைகள் கீழேயும் அமையும் இடம் முடிவாகிறது. நான்காம் வாரத்திலிருந்து தடுப்புச் சுவர்கள் எழுகின்றன. எட்டாம் வாரம் முடிவதற்குள் நான்கு அறைகளும் பிரிந்துவிடுகின்றன. இதயத்திலிருந்து வெளியேறும் பெருங்குழாய்க்குள் ஒரு சுவர் திருகலாக வளர்ந்து, அதை மகாதமனி என்றும் நுரையீரல் தமனி என்றும் இரண்டாக்குகிறது. திருகல் பிசகினால் இரண்டு தமனிகளும் இடம் மாறிவிடும்.

மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரின் கதைதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. முதலில் கூரையிலிருந்து ஒரு மெல்லிய சுவர் கீழே இறங்குகிறது. அது அடியைத் தொட்டு மூடிக்கொள்ளும் முன்பே அதன் மேற்பகுதியில் புதிய துளை விழுகிறது. பிறகு அதன் வலப்பக்கத்தில் தடித்த இரண்டாவது சுவர் வளர்ந்து, நடுவில் நீள்வட்ட இடைவெளி ஒன்றை விட்டுவைக்கிறது. இரு சுவர்களும் சேர்ந்து ஒருபக்கம் மட்டுமே திறக்கும் கதவாகின்றன: வலமிருந்து இடத்துக்கு இரத்தம் போகலாம், திரும்ப முடியாது.

கதவு எதற்கு என்றால், கருவின் நுரையீரலில் நிறைந்திருப்பது திரவம்; அங்கே ஆக்சிஜன் கிடைக்காது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பெற்ற ஆக்சிஜனைத் தொப்புள்கொடியின் ஒற்றைச் சிரை கொண்டுவருகிறது. அந்த இரத்தத்தில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் செல்லாமல் குறுக்கு நாளம் ஒன்றின் வழியாக இதயத்தை அடைகிறது. அங்கிருந்து பெரும்பாலும் நீள்வட்டத் துளை வழியாக இடப்பக்கம் சென்று, மூளைக்கும் இதயத் தசைக்கும் முதலில் போய்ச் சேர்கிறது. வலக் கீழறை தள்ளும் இரத்தத்திலும் சிறு பங்கே நுரையீரலுக்குப் போகிறது. மற்றது நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் தமனி நாளத்தின் வழியே உடலுக்குள் இறங்குகிறது.

பிறந்த குழந்தை மூச்சிழுத்ததும் நிலைமை தலைகீழாகிறது. நுரையீரல் விரிந்து இரத்தத்தை ஏற்கிறது. இட மேலறையில் அழுத்தம் கூடி, கதவு சாத்திக்கொள்கிறது. தமனி நாளம் ஆக்சிஜன் கூடுவதாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வந்துகொண்டிருந்த புரோஸ்டாகிளாண்டின் நின்றுபோவதாலும் பெரும்பாலும் ஓரிரு நாளில் சுருங்கிவிடுகிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அந்தக் கதவு முழுதாக ஒட்டுவதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் தொல்லையும் இல்லை.

சுவரே போதிய அளவு வளராமல் ஓட்டை நின்றுவிடுவது வேறு. பிறவி இதயக் குறை ஆயிரம் குழந்தைகளில் சுமார் எட்டுப் பேருக்கு இருக்கிறது. மேலறைச் சுவர் ஓட்டை அவற்றுள் ஒன்று. பல குறைகளைக் கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் கரு இதய எக்கோ காட்டிவிடும். முன்கூட்டியே தெரிந்தால் பிரசவத்தை இதயச் சிகிச்சை வசதியுள்ள ஊரில் வைத்துக்கொள்ளலாம். சில குழந்தைகளுக்கு உயிர் பிழைப்பதே அதைப் பொறுத்தது. கேரள அரசு இத்தகைய குழந்தைகளுக்கென 2017-இல் ‘ஹிருதயம்’ திட்டத்தைத் தொடங்கியது.

1990-இல் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்ட சித்ரா செயற்கை வால்வை உருவாக்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், மேலறை ஓட்டையை அடைக்கும் கருவி ஒன்றையும் பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் துணையுடன் வடிவமைத்துள்ளது. நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகமான நிட்டினால் கம்பியால் ஆனது அது. இத்தகைய கருவியை மடித்து, தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயில் செலுத்தினால், ஓட்டையில் விரிந்து பழைய உருவத்துக்குத் திரும்பிப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொள்ள ஓட்டையைச் சுற்றி விளிம்பு வேண்டும். சுவரின் நடுப்பகுதியில் உள்ள ஓட்டைகளுக்குப் பெரும்பாலும் அது இருக்கும். முதல் சுவர் அடியைத் தொடாமல் நின்றதால் உண்டான ஓட்டைக்கு அந்த விளிம்பு இல்லை. அதற்கு இன்றும் அறுவைச் சிகிச்சையே வழி.