எழுத்து மூன்று, பொருள் 430!

ஆங்கிலம் பயிலும் மாணவர் நெடுஞ்சொற்களைக் கண்டே அஞ்சுவர். உண்மையில் நம்மை மயக்குவன குறுஞ்சொற்களே. ‘செற்’ என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு மூன்றே எழுத்துக்கள். 1989ஆம் ஆண்டு 20 தொகுதிகளாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்போ, அச்சொல்லுக்கு ஏறக்குறைய 430 பொருள் கூறி, அவற்றை விளக்கச் சுமார் 60,000 சொற்களைச் செலவிட்டது!

ஞாயிறு மறைதலும் ‘செற்’. சீமெந்து இறுகுதலும் ‘செற்’. முறிந்த எலும்பைப் பொருத்துதல், பொறி வைத்தல், அச்செழுத்துக் கோத்தல், மணிக்கூட்டைச் சரிப்படுத்தல் யாவும் அதுவே. இத்தனை பொருள் எவ்வாறு வந்தன?

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘செற்றன்’. உட்காருதலைக் குறிக்கும் ‘சிற்’ என்னும் வினையின் பிறவினை அது. தமிழில் ‘இரு’ என்பது ‘இருத்து’ என ஆவது போல. ஒன்றை அதற்குரிய நிலையில் இருத்துதல் என்ற அடிப்பொருளை மனத்திற் கொண்டால், எலும்பும் பொறியும் அச்செழுத்தும் ஓரினமாதல் விளங்கும். ஞாயிறோ தானே சென்று அமர்கின்றது.

ஆனால், தேநீர்க் கோப்பைகளின் தொகுதியாகிய ‘செற்’ வேறு குடியிற் பிறந்தது. பின்பற்றுவோர் கூட்டத்தைக் குறித்த ‘செக்டா’ என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. காலப்போக்கில் முன்னையதோடு வடிவொத்துக் கலந்துவிட்டது.

ஆதலின், சொல்லுக்கொரு பொருளென நெட்டுருச் செய்தல் பயன்தராது. மாணவர்களே! சொல்லை அது நிற்கும் வாக்கியத்தோடு சேர்த்துப் பயிலுங்கள். அதன் அடிப்பொருளைத் தேடுங்கள். 430 பொருளையும் சுமக்க வேண்டிய தொல்லை உங்களுக்கு இராது.