சுவரில் ஒரு மாநாடு... புதுச்சேரியில் ஒரு மாநாடு!

குட்டீஸ்! புதுச்சேரிக்குப் போனால் கடற்கரை, காந்தி சிலை, மணக்குள விநாயகர் கோவில் எல்லாம் பார்ப்பீர்கள். 1844-ம் ஆண்டு அந்த ஊரில் நடந்த ஒரு கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? அதைத் தெரிந்துகொள்ளும் முன், ரோம் நகருக்கு ஒரு நடை போய் வருவோமா?

ஈரச் சுவரில் ஓவியம்

வாடிகனில் 'சிஸ்டைன் கூடம்' என்று ஒரு நீண்ட கூடம் இருக்கிறது. நூலகத்துக்காகப் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் 1587-ல் கட்டத் தொடங்கியது அது. (மைக்கேல் ஆஞ்சலோ ஓவியம் வரைந்த சிஸ்டைன் சிற்றாலயம் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்!) செசாரே நெப்பியா, ஜியோவன்னி குவெர்ரா என்ற இருவர் தலைமையில் ஓவியர்கள் சுவர்களை நிரப்பினார்கள். ஒரு பக்கம் அலெக்சாந்திரியா போன்ற பழங்கால நூலகங்கள். எதிர்ப்பக்கம், திருச்சபை மாநாடுகள்.

மாநாடு எதற்கு? நம் ஊரில் ஒரு சிக்கல் வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு எடுப்பார்கள் இல்லையா? அதுபோல, ஆயர்கள் பல நாடுகளிலிருந்து வந்து கூடி விவாதிப்பார்கள். கி.பி. 325-ல் நைசியாவில் நடந்த மாநாடும், அதற்குப் பின் இடைக்காலத்தில் நடந்த மாநாடுகளும் இந்தச் சுவர்களில் இருக்கின்றன. இந்த ஓவியப் பாணியின் பெயர் 'மானரிசம்'. நீண்ட உடல்கள், வளைந்து திரும்பும் உருவங்கள், நெருக்கியடிக்கும் கூட்டம்... இவை அதன் அடையாளங்கள்.

இவ்வளவு காலம் சாயம் போகாமல் இருப்பது எப்படி? சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது காயும் முன்பே, தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாக இறுகும். வண்ணமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும்! அதனால் அன்றைக்கு வரையும் அளவுக்கு மட்டுமே சாந்து பூசுவார்கள். தப்பு செய்தால் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

புதுவை மாநாடு

இப்போது புதுச்சேரிக்குத் திரும்புவோம். அப்போது அங்கே பிரெஞ்சு ஆட்சி. 1844 ஜனவரி 18 முதல் பிப்ரவரி 13 வரை, ஆயர் கிளெமான் பொன்னான் ஒரு மாநாட்டைக் கூட்டினார். உள்ளூர் இளைஞர்களைக் குருக்களாக உருவாக்குவது, பிள்ளைகளுக்குக் கல்வி தருவது ஆகியவை அங்கே பேசப்பட்ட முக்கியமான விஷயங்கள்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகள் பள்ளிக்குப் போவது அபூர்வம். 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?' என்று கேட்ட காலம் அது. அந்த நிலையை மாற்ற, லூயி சவினியன் துபுய் என்ற பாதிரியார் அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்ப் பெண்களைக் கொண்ட ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே அவர்களின் முக்கியப் பணி. பெண்களுக்குப் பெண்களே ஆசிரியர்கள்! அந்தச் சபை இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. புதுச்சேரியின் புகழ்பெற்ற பெத்தி செமினார் பள்ளி பிறந்ததும் அதே 1844-ல்தான்.

தெரியுமா?

துபுய் பாதிரியார் தமிழையும் நன்றாகக் கற்றவர். முசே பாதிரியாரோடு சேர்ந்து பெரிய தமிழ்-பிரெஞ்சு அகராதியை உருவாக்கினார். அது புதுச்சேரியிலேயே அச்சானது.

ரோம் மாநாடுகளைச் சுவரில் பார்க்கலாம். புதுவை மாநாட்டைப் பார்க்க வேண்டுமா? காலையில் புத்தகப் பையோடு பள்ளிக்கு ஓடும் சிறுமிகளைப் பாருங்கள், போதும்!

இன்று உங்கள் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாட்டி, நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"