கையில் ஒரு சக்கரம்: பந்தய விளையாட்டுக்குத் திசைமாற்றி வாங்குவோர் கவனத்திற்கு

“அண்ணா, எந்த ஸ்டேரிங் வாங்கலாம்?”

விடுதியில் என் அறைக்கு வரும் முதலாமாண்டுத் தம்பிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தேர்வுக்கு எந்தப் பாடம் முக்கியம் என்று கேட்டாலாவது ஓரிரு வரியில் சொல்லிவிடலாம். இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. அப்படி ஒரே வரியில் பதில் சொன்ன ஒரு கடைக்காரரை நம்பித்தான் என் முதல் சம்பளத்தில் 280 ரிங்கிட்டை இழந்தேன். நீங்களும் இழக்கக் கூடாது என்பதற்காகவே கழகத்தின் ஆண்டிதழில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் எல்லாவற்றையும் மலாயில் படித்தவன் நான். ஸ்டேரிங்கைச் சிலர் ‘சுக்கான்’ என்பார்கள். சிலர் ‘திசைமாற்றி’ என்பார்கள். சுக்கான் என்றதும் எனக்குக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது. ஆகவே, இக்கட்டுரையில் ‘திசைமாற்றி’ என்றே எழுதுகிறேன்.

அப்பா சொன்ன தீர்ப்பு

எஸ்.டி.பி.எம். தேர்வு முடிந்து மூன்று மாதம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் அந்த முதல் திசைமாற்றி. “எல்லாத்துலயும் ஓடும் தம்பி” என்றார் கடைக்காரர். வீட்டு மேசையில் பொருத்தி, கணினியில் விளையாட்டைத் தொடங்கி, பெருமையோடு அப்பாவை உட்கார வைத்தேன். என் அப்பா இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் லோரி ஓட்டியவர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அவர் மிதிக்காத கிலோமீட்டர் கிடையாது.

இரண்டு வளைவுதான் ஓட்டினார். கையை எடுத்துவிட்டார்.

“என்னய்யா இது? ஸ்டேரிங் செத்துப்போன மாதிரி இருக்கு. ரோட்டுல என்ன நடக்குதுன்னு கைக்குத் தெரியவே இல்லையே!”

அன்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால், திசைமாற்றியைப் பற்றி நான் பின்னர் படித்த அத்தனை விளக்கங்களும் அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டன. கைக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்!

எதிர்விசை என்றால் என்ன?

உண்மையான மகிழுந்தில் வளைவில் திரும்பும்போது, முன்சக்கரங்கள் தாமாகவே நேராக நிமிரப் பார்க்கும். அந்த விசை திசைமாற்றி வழியாக நம் கைக்கு வருகிறது. வேகம் கூடக் கூட அது கனக்கும். முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து வழுக்கத் தொடங்கினால் திசைமாற்றி சட்டென்று இலேசாகிவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர், கண்ணுக்குத் தெரியும் முன்பே கையால் இதை உணர்ந்துவிடுவார்.

நல்ல விளையாட்டுத் திசைமாற்றியின் உள்ளே ஒரு மின்மோட்டார் இருக்கும். சக்கரத்தின் மீது விழும் விசையை விளையாட்டு நொடிக்கு நொடி கணக்கிட்டு அந்த மோட்டாருக்கு அனுப்புகிறது. மோட்டார் நம் கையை எதிர்த்துத் தள்ளுகிறது. இதைத்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்கிறார்கள். நான் எதிர்விசை என்கிறேன்.

நான் முதலில் வாங்கியதில் மோட்டாருக்குப் பதிலாக ரப்பர்ப் பட்டைதான் இருந்தது. எந்த வேகத்திலும், எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி நடுவுக்கு இழுக்கும். சிலவற்றில் ‘அதிர்வு உண்டு’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதிர்வு வேறு, எதிர்விசை வேறு. கைப்பேசியும்தான் அதிர்கிறது, அதை வைத்து மகிழுந்து ஓட்ட முடியுமா?

இன்னொன்றையும் பெட்டியில் பாருங்கள்: எத்தனை பாகை சுழலும்? என் பழையது 270 பாகைதான் சுழன்றது. அதாவது, ஒரு முழுச் சுற்றுகூட இல்லை. 900 பாகை சுழன்றால் இரண்டரைச் சுற்று. சாலையில் ஓடும் மகிழுந்துக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். ஃபார்முலா 1 வாகனத்துக்குக் குறைந்த சுழற்சியே போதும். 900 பாகை உள்ளதை அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம். 270 உள்ளதைக் கூட்ட முடியாது.

மூன்று வகை மோட்டார் அமைப்பு

எதிர்விசை உள்ள திசைமாற்றிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பல்சக்கர வகை. சிறிய மோட்டாரின் விசை பல்சக்கரங்களால் பெருக்கப்பட்டுக் கைக்கு வரும். 2015இல் வெளிவந்த லோஜிடெக் ஜி29, ஜி920, பிறகு 2020இல் வந்த ஜி923 ஆகியவை இவ்வகை. உழைக்கும், பழையதாகவும் எளிதில் கிடைக்கும். ஆனால், கரடுமுரடான சாலையில் பற்கள் மோதும் சத்தம் கேட்கும். நள்ளிரவில் விளையாடினால் அறைத்தோழன் தலையணையை எறிவான். அனுபவத்தில் சொல்கிறேன்!

இரண்டாவது, பட்டை வகை. தையல் இயந்திரத்தில் இருப்பது போல் ஒரு பட்டை விசையைக் கடத்தும். திரஸ்ட்மாஸ்டர் டி300 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மென்மையாகச் சுழலும், சத்தம் குறைவு. அதே நிறுவனத்தின் டி150, டி248 போன்றவை பல்சக்கரமும் பட்டையும் கலந்தவை.

மூன்றாவது, நேரடி வகை. இடையில் பல்லும் இல்லை, பட்டையும் இல்லை. மோட்டாரின் தண்டிலேயே சக்கரத்தைப் பூட்டிவிடுவார்கள். சாலையின் சிறு சிறு மேடு பள்ளங்களும் கைக்குத் தெரியும். ஒரு காலத்தில் இது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள். 2021இல் ஃபனடெக் சி.எஸ்.எல். டி.டி. வந்த பிறகும், மோசா ஆர்5 போன்றவை சந்தைக்கு வந்த பிறகும் விலை இறங்கியது.

எவ்வளவு வலிமை வேண்டும்?

விளம்பரங்களில் 2 நியூட்டன் மீட்டர், 5 நியூட்டன் மீட்டர், 8 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். எண் பெரிதானால் நல்லது என்று நினைத்துவிடுகிறோம். படிவம் நான்கில் படித்த இயற்பியலை இங்கே கொஞ்சம் பயன்படுத்துவோம்.

சக்கரத்தின் குறுக்களவு 28 செண்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மையத்திலிருந்து விளிம்புக்கு 14 செண்டிமீட்டர். முறுக்குவிசையை அந்தத் தூரத்தால் வகுத்தால் விளிம்பில் கை உணரும் விசை கிடைக்கும். 2 நியூட்டன் மீட்டர் என்றால், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையைத் தாங்குவது போல். 5 என்றால் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். 8 என்றால் ஆறு கிலோவை நெருங்கும்.

ஜி29இன் வலிமை ஏறக்குறைய 2. ஃபனடெக் சி.எஸ்.எல். டி.டி. 5, கூடுதல் மின்வழங்கியோடு 8. மோசா ஆர்5 என்பது 5.5. இந்த எண்ணுக்கு முக்கியமான ஒரு பயன் உண்டு. மோட்டாரால் தர முடிந்ததைவிட அதிக விசையை விளையாட்டு கேட்டால், மோட்டார் உச்சத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேல் வரும் நுணுக்கங்கள் எதுவும் கைக்கு எட்டாது. கூட்டத்தில் எல்லாரும் கத்தினால் யார் என்ன சொன்னார் என்று தெரியாதல்லவா? அது போலத்தான். சிறிய மோட்டார் உள்ளவர்கள் அமைப்பில் விசையின் அளவைச் சற்றுக் குறைத்தால் நுணுக்கம் திரும்ப வரும்.

வலிமை கூடினால் கவனமும் கூட வேண்டும். சுவரில் மோதும்போது திசைமாற்றி வெடுக்கென்று சுழலும். கட்டைவிரலைச் சக்கரக் கம்பிகளுக்குள் கோத்து வைக்காதீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால், வலிமையைக் குறைத்த பிறகே அவர்களை உட்கார வையுங்கள்.

காலை மறந்துவிடாதீர்கள்

யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசினானாம்! திசைமாற்றிக்கு ஆயிரம் கொடுப்பவர்கள் மிதிகட்டைகளைக் கவனிப்பதில்லை. பந்தயத்தில் நேரத்தை மிச்சப்படுத்துவது பெரும்பாலும் பிரேக்தான்.

நம் சிப்பாங் தடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் இங்கே நடந்தது. மலேசியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான அலெக்ஸ் யூங் இங்கே ஓட்டினார். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005இல் இங்கே பதினோராவதாக முடித்தார். இரண்டு நீண்ட நேர்ச்சாலைகளுக்கு நடுவே ஒரு கூர்மையான கடைசி வளைவு, அடுத்த நேர்ச்சாலையின் முடிவில் முதல் வளைவு. இரண்டிலும் உச்ச வேகத்திலிருந்து பிரேக்கை ஓங்கி மிதித்து, பிறகு மெல்ல மெல்ல விட வேண்டும். ‘எஃப்1 2017’ விளையாட்டில் இந்தத் தடம் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் புரியும்.

சாதாரண மிதிகட்டை, கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. ‘லோட் செல்’ உள்ள மிதிகட்டை, கால் எவ்வளவு அழுத்தியது என்பதை அளக்கிறது. நம் கால் தூரத்தைவிட அழுத்தத்தையே நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே, பின்னாளில் பணம் சேர்ந்தால் முதலில் மாற்ற வேண்டியது பிரேக் மிதிகட்டையைத்தான், திசைமாற்றியை அல்ல.

எதில் ஓடும்?

‘எல்லாவற்றிலும் ஓடும்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். கணினியில் பெரும்பாலும் எல்லாம் ஓடும். விளையாட்டுப் பெட்டிகள் அப்படியல்ல. ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும்; எக்ஸ்பாக்ஸில் ஓடாது. ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும், பிளேஸ்டேஷனில் ஓடாது. ஜி923 இரண்டு தனித்தனி வகையாக விற்கப்படுகிறது. பெயர் ஒன்றுதான், பெட்டியை நன்றாகப் படித்த பிறகே பணம் கொடுங்கள். என் 280 ரிங்கிட் சாமான், நண்பனின் பிளேஸ்டேஷனில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

எங்கே பொருத்துவது?

விடுதி மேசையின் விளிம்பில் கவ்வி பிடிக்குமா என்று முதலில் பாருங்கள். மெல்லிய பலகையில் 8 நியூட்டன் மீட்டர் மோட்டாரைப் பூட்டினால் மேசை ஆடும். நாற்காலியில் உருளைகள் இருந்தால், பிரேக்கை மிதிக்கும்போது மகிழுந்து நிற்காது. நீங்கள்தான் பின்னால் போவீர்கள்! நான் ஒருமுறை கதவுவரை போயிருக்கிறேன். ஒவ்வோர் உருளையையும் ஒரு பழைய காலணிக்குள் இறக்கி வையுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

என் பரிந்துரை

மாணவக் கையில் பணம் குறைவு. படிப்புக் கடனில் கை வைக்காதீர்கள். விடுமுறை வேலைப் பணத்தில் வாங்குங்கள். எதிர்விசை இல்லாத புதியதைவிட, எதிர்விசை உள்ள பழையது மேல். நான் இரண்டாம் முறை வாங்கியது ஒருவர் பயன்படுத்திய ஜி29, 650 ரிங்கிட். பழையதை வாங்கும்போது மூன்றைச் சோதியுங்கள்:

1. மின்சாரம் கொடுத்ததும் அது தானாக இரு பக்கமும் முழுதாகச் சுழன்று நடுவில் நிற்க வேண்டும்.

2. கணினியின் கட்டுப்பாட்டுப் பகுதியில் மிதிகட்டையின் அளவைப் பாருங்கள். மெதுவாக மிதிக்கும்போது கோடு துள்ளினால், உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கிறது.

3. அசல் மின்வழங்கி உடன் இருக்க வேண்டும்.

பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இல்லாமல் கணினியில் மட்டும் விளையாடுவோர், இன்னும் சில மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து, 5 நியூட்டன் மீட்டர் அளவிலான நேரடி வகையை வாங்கலாம். அதற்கு மேல் நமக்குத் தேவையில்லை.

மீண்டும் அப்பா

சென்ற ஆண்டு இடுப்பு வலியால் அப்பா லோரியை விட்டுவிட்டார். வேலைக்குப் போகாத முதல் மாதத்தில் அவர் அதிகம் பேசவே இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஜி29ஐயும் எடுத்துச் சென்றேன். 2012இல் வந்த ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் சரக்கு லோரி ஓட்டும் விளையாட்டு அது. பழைய அனுபவம் காரணமாக முதலில் மறுத்தார். பிறகு, அம்மா சொன்னதற்காக உட்கார்ந்தார்.

வளைவு வந்தது. திசைமாற்றி அவர் கையை எதிர்த்துத் தள்ளியது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“ம்ம்... இது பேசுதுய்யா.”

இப்போது மாலையில் அரைமணி நேரம் ஓட்டுகிறார். இடுப்பு அதற்கு மேல் இடம் கொடுப்பதில்லை. ஜி29 வீட்டிலேயே இருக்கிறது. நான் அடுத்ததற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, கடைக்குப் போனால் பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சக்கரத்தைக் கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அது உங்களோடு பேசுகிறதா என்று கேளுங்கள். பேசினால் வாங்குங்கள். தேர்வு வாரத்தில் மட்டும் அதை மறக்காமல் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்!