நாணலுக்குள் ஒரு கூடு

மாரி மழை தொடங்கும் காலத்தில் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் வயல்களுக்கும் தரவைகளுக்கும் மேலே கபில நிறப் பருந்தொன்று தாழப் பறந்து திரிவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். சேற்றுப் பருந்து என்பது அதன் பெயர். கோடை தொடங்க அது வடக்கே போய்விடும். நம் மண்ணில் அது கூடு கட்டுவதில்லை. ஆகவே அதன் குடும்ப வாழ்க்கையை நாம் அறியோம்.

பருந்தின் கூடு என்றதும் உயர்ந்த மரமொன்றே நம் நினைவுக்கு வரும். இப்பறவையோ ஐரோப்பாவிலும் ஆசியாவின் குளிர்ப் பகுதிகளிலும் நாணற் காட்டுக்குள், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூடமைக்கிறது. சூழ நிற்கும் நீரே அதற்கு வேலி. நீர் வற்றினால் நரி நடந்தே வந்துவிடும். கூட்டைக் கட்டுவது பெண். ஆணும் சில மேடைகளைக் கட்டும். ஆனால் அவற்றில் முட்டையிடுவதில்லை. நான்கு அல்லது ஐந்து முட்டைகளைப் பெண் ஏறத்தாழ ஐந்து வாரம் அடைகாக்கும். அந்நாட்களில் இரை தேடுவது ஆணின் கடமை. எலியோடு அது வந்ததும் பெண் கூட்டைவிட்டு எழும்பும். ஆண் மேலிருந்து நழுவவிட, பெண் அந்தரத்தில் உடலைத் திருப்பிக் கால்களால் ஏந்திக்கொள்ளும். சில ஆண்களுக்கு இரண்டு, மூன்று துணைகளும் உண்டு. இதை நாம் மெச்சவில்லை. பிந்திய துணையின் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் இரை குறைந்தே கிடைக்கிறது.

இங்கிலாந்தில் சதுப்பு நிலங்களை வடித்து விளைநிலமாக்கியதாலும், வேட்டையாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வினம் அற்றுப்போனது. பின்னர் சில சோடிகள் திரும்பி வந்தன. சபொக் மாவட்டத்தின் மின்ஸ்மியர் கரையோர மேய்ச்சல் நிலங்களை 1940இல், ஜெர்மனியப் படை வந்திறங்காதிருக்க, வேண்டுமென்றே நீரில் மூழ்கடித்தனர். யுத்தத்துக்காக விட்ட நீரில் நாணல் வளர்ந்தது. நாணலுக்குள் பருந்து குடியேறியது. ஆனால் டி.டி.ரி. போன்ற நஞ்சுகள் இரை வழியாக அதன் உடலிற் சேர்ந்தன. 1971இல் பிரித்தானியா முழுவதிலும் கூடு கட்டியது ஒரே ஒரு சோடிதான், அதுவும் மின்ஸ்மியரில். அந்நஞ்சுகள் கட்டுப்படுத்தப்பட்ட பின்னர் இனம் பெருகி, இன்று நூற்றுக்கணக்கான சோடிகள் உள்ளன.

நம் வயலில் எலிக்கு நஞ்சு வைக்கிறோம். நஞ்சுண்டு தள்ளாடும் எலியை முதலில் தூக்குவது இந்த விருந்தாளியாகவும் இருக்கலாம்.

நாணல் குறைந்த இடங்களில் சில சோடிகள் இப்போது கோதுமை வயலுக்குள்ளும் கூடு கட்டுகின்றன. அறுவடை இயந்திரம் வரும் நாளில் எல்லாக் குஞ்சுகளுக்கும் சிறகு முற்றியிருக்காது. கூட்டைச் சுற்றி ஒரு துண்டு கதிரை அறுக்காமல் விடும் விவசாயிகளும் அங்கே உள்ளனர். குஞ்சுகள் பறந்த பின்னரே அந்தத் துண்டு அறுபடுகிறது.