வடம் பற்றிய கொக்கி

வானூர்தி தாங்கிக் கப்பலின் மேற்றளத்துக்குக் குறுக்கே எஃகு வடம் ஒன்று கிடக்கிறது. கட்டைவிரல் இரண்டைச் சேர்த்து வைத்தாற்போன்ற பருமன். வில்லாக வளைந்த எஃகுத் தகடுகள் அதைத் தளத்துக்குச் சில அங்குலம் மேலே தாங்கி நிற்கின்றன. மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் விரைவில் இறங்கும் போர் வானூர்தி, வாலடியில் தொங்கும் கொக்கியால் இந்த வடத்தைப் பற்ற வேண்டும். பற்றினால் நூறு மீட்டர் அளவில் நின்றுவிடும். தவறினால் மறுநொடியே வானேறியாக வேண்டும்; இல்லையேல் கடல்தான். அதனால், சக்கரம் தளத்தைத் தொட்டதும் வானோடி பொறியின் விசையைக் குறைப்பதில்லை, முழு விசைக்கு ஏற்றுகிறார்.

இப்படி இறங்கவேண்டிய ஊர்தியை ஆக்கியவர்களின் சொல்லை மட்டும் நம்பிக் கடற்படை ஏற்றுக்கொள்வதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பட்டுக்சன்ட் ஆற்றின் கரையில், 1943-இல் தொடங்கிய ஆய்வுத்தளம் இன்றும் இப்பணியைச் செய்துவருகிறது. கப்பலில் ஊர்தியை வானில் வீசியெழுப்பும் கவண்பொறியும், அதை நிறுத்தும் தடுப்பு வடமும் அங்கே தரையிலேயே பதிக்கப்பட்டுள்ளன. ரேடார் அலைகள் சூழ்ந்த கப்பலில் ஊர்தியின் மின்கருவிகள் தடுமாறுகின்றனவா என்று அறிய, அலைகள் எதிரொளிக்காத பேரறை ஒன்றும் உண்டு. சக்கரக் கால்களின் வலிமையை அறியும் முறை இன்னும் நேரடியானது: முழு ஊர்தியையும் மேலே தூக்கி, கீழே போட்டுப் பார்க்கிறார்கள். நொடிக்கு 7 மீட்டர் அளவில் கீழிறங்கி மோதும் அடியைக் கப்பலூர்தியின் கால்கள் தாங்கியாக வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் எதற்கு என்பதை எஃப்-35சி வானூர்தியின் கொக்கி உணர்த்தியதுபோல் வேறெதுவும் உணர்த்தியதில்லை என்பேன். 2011-இல் நியூ ஜெர்சி மாநிலத்து லேக்ஹர்ஸ்ட் தளத்தில் அந்தக் கொக்கியின் முதல் வெள்ளோட்டங்கள் நடந்தன. வானில் பறக்கத் தேவையில்லை. கொக்கியைத் தாழ்த்திக்கொண்டு தரையில் ஓடிவந்து வடத்தைப் பற்றினால் போதும். ஊர்தி எட்டு முறை ஓடியது. எட்டு முறையும் கொக்கி வடத்தைத் தவறவிட்டது.

உலகின் மிக விலையுயர்ந்த படைக்கலத் திட்டத்தின் ஊர்தி அது. தடுமாறிய இடமோ, உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய எளிய பொறியியல். சக்கரம் ஏறிச் செல்லும்போது வடம் அழுந்தித் தளத்தோடு தளமாகப் படிகிறது. சக்கரம் கடந்தபின் துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளலுக்குச் சற்றே நேரம் வேண்டும். மற்றக் கப்பலூர்திகளில் சக்கரத்துக்கும் கொக்கிக்கும் இடைவெளி மிகுதி. கொக்கி வந்து சேர்வதற்குள் வடம் எழுந்து நிற்கும். எஃப்-35சி-இல் அந்த இடைவெளி 2 மீட்டரைச் சற்றே கடந்தது, அவ்வளவுதான். நொடிக்கு 65 மீட்டர் செல்லும் ஊர்தி அதைக் கடக்க ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். கொக்கி வந்தபோது வடம் இன்னும் படுத்தே கிடந்தது. மழுங்கிய நுனியால் அதை அடியிலிருந்து அகழ்ந்தெடுக்க இயலவில்லை. கொக்கியும் தளத்தில் பட்டுத் துள்ளியது.

கொக்கியைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கலாமே என்று தோன்றும். பகைவரின் ரேடாருக்குப் புலப்படாதிருக்க, அந்த ஊர்தி கொக்கியையும் உடலுக்குள்ளே ஒளித்து மூடிக்கொள்கிறது. மறைவிடம் அமைந்த இடத்தில்தான் கொக்கியும் அமைய முடியும். வடம் எப்படி அசையும் என்று முன்னரே கணினியில் போட்ட கணக்கும் மெய்யான வடத்தோடு ஒத்துப்போகவில்லை. கணக்கில் பணிந்த வடம் களத்தில் பணிய மறுத்தது. எட்டுத் தோல்விகளும் கரையில் நேர்ந்தன, ஓர் உயிரும் போகவில்லை. அந்த எட்டு ஓட்டங்களைத் தோல்வி என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை.

பொறியாளர்கள் கொக்கியின் நுனியைக் கூர்மையாக்கினர். அது தளத்தை விட்டுத் துள்ளாமல் அழுத்திப் பிடிக்கும் அமைப்பையும் திருத்தினர். மறுபடி கரை, மறுபடி வடம், மறுபடி ஓட்டம். 2014 நவம்பர் 3-இல், கலிபோர்னியக் கரைக்கு அப்பால் நிமிட்ஸ் கப்பலில் எஃப்-35சி முதன்முதலாக இறங்கியது. அடுத்த இரு கிழமைகளில், இரவுப் பறப்பும் உட்பட, 124 முறை வடத்தைப் பற்றி நின்றது. எண்ணத்துக்கு மாறாகத் தவறவிட்டது ஒருமுறைகூட இல்லை.

நம் நாட்டுக் கடற்படைக்கும் இத்தகைய கரை உண்டு. கோவாவில், ஹன்சா கடற்படைத் தளத்தில், கப்பலின் முகப்பைப்போல் மேல்நோக்கி வளைந்த ஓடுமேடும் தடுப்பு வடமும் தரையில் அமைந்துள்ளன. கவண்பொறி இல்லாத நம் கப்பல்களில், அந்த வளைவில் ஏறியே ஊர்திகள் வானில் எழுகின்றன. தேஜஸ் போர் வானூர்தியின் கடற்படை வடிவம் 2014 திசம்பரில் முதலில் அந்த மேட்டிலிருந்து பறந்தது. கரை வடத்தைப் பற்றி இறங்க 2019 செப்டம்பர் 13 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எழுவதற்கும் இறங்குவதற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்!

அதன்பின் நான்கு திங்கள். 2020 சனவரி 11-இல் கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் அதை விக்ரமாதித்யா கப்பலின் அசையும் தளத்தில் இறக்கினார். கொக்கி வடத்தைப் பற்றியது. மறுநாள் அதே கப்பலின் வளைவில் ஏறி, அந்த ஊர்தி கடலுக்கு மேலே எழுந்தது.