உறை எடுக்காத மிஷின்கள்

தீபாவளி லீவு முடிந்து கம்பெனி திறக்கும் திங்கட்கிழமை, லைனுக்குள் நுழைந்ததும் என் கண் போவது மிஷின் உறைகள் மேல்தான். எட்டரை மணிக்கும் உறை எடுக்காமல் எத்தனை மிஷின் கிடக்கிறதோ, அத்தனை பேர் வரவில்லை என்று கணக்கு. பாதிப் பேர் ஊரிலிருந்து நாலு நாள் கழித்து வருவார்கள். மீதிப் பேர் போனஸோடு பக்கத்துத் தெரு கம்பெனிக்குப் போயிருப்பார்கள். திருப்பூரில் 19 வருடமாக லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். எங்கள் கேட்டில் தொங்கும் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர், கைமடி, செக்கிங் ஆள் தேவை' போர்டைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. வெயிலில் வெளுத்தால் மறுபடி எழுதுவோம்.

காசைக் கூட்டிக் கொடுத்தால் நிற்பார்கள் என்பார்கள். பொய்யில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனிக்கு 1913இல் இதே தலைவலி. ஏறக்குறைய 14,000 பேரை வேலையில் வைத்திருக்க அந்த ஒரு வருடத்தில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். ஆட்கள் ஓடுவது சட்டென்று குறைந்தது. சனிக்கிழமை சம்பளத்தைச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டு, பிறந்தநாள் கேக் வெட்டி உற்சாகப்படுத்துகிற கம்பெனிகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஆனால் ஊர் முழுக்க ஒரே ஷிப்ட் ரேட் ஓடும்போது, ஒருவர் இங்கே நிற்பதும் அங்கே போவதும் எதனால்?

எங்கள் லைனில் டி-ஷர்ட்டுக்குக் கை ஏற்றுகிற ஓவர்லாக் அக்கா ஒருவர். ஐம்பதை நெருங்கும் வயது, சுத்தமான தையல். திடீரென்று அவர் மேசையில் பீஸ் தேங்க ஆரம்பித்தது. லைன் முனையில் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதும் கரும்பலகையில் எண்ணிக்கை இறங்க, நடு லைனில் நின்று சத்தம் போட்டேன். அவர் மிஷினை நிறுத்தினார். "ஏனுங் தம்பி, கட்டுல எடக்கை வலக்கை கலந்து வருதுன்னு ரெண்டு மாசமாச் சொல்றனே, காதுல விழுகுதுங்களா?"

சொன்னது உண்மை. டி-ஷர்ட் கையில் முன்பக்க வளைவு கொஞ்சம் ஆழமாக இருக்கும். மாற்றி ஏற்றினால் தோளில் சுருக்கம் விழும், செக்கிங்கில் திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு கையையும் மடித்து, வளைவு பார்த்து, பிறகுதான் தைக்கிறார். கட்டிங் மாஸ்டரிடம் போய், முன்வளைவில் கத்தரியால் ஒரு சின்ன அடையாள வெட்டு போடச் சொன்னேன். பைசா செலவில்லை. மறுநாளே மேசை காலியானது. அதைவிட, ஒன்றரை ஷிப்ட் என்றாலே முகம் சுளிப்பவர், அந்த வாரம் தானாக நின்று கட்டை முடித்துக் கொடுத்தார்.

சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் என்ற டெலிபோன் சாதனத் தொழிற்சாலையில் 1924இல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள். கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, தங்களை ஒருவர் கவனிக்கிறார் என்பதே காரணம் என்று மேலாண்மை வகுப்புகளில் சொல்வதுண்டு. பழைய கணக்குகளைப் பிற்காலத்தில் புரட்டியவர்கள், கதை அவ்வளவு சுத்தமில்லை என்றார்கள். அடுத்து நடந்த சோதனையில் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, இடைவேளை கொடுத்து, அவர்கள் கருத்தையும் கேட்டார்கள். உற்பத்தி கூடியது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பேச்சு அதிகம் என்று நடுவில் இருவரை மாற்றியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கவனிப்பதும் காது கொடுப்பதும் ஒன்றில்லை. நானும்தான் அந்த அக்காவை ரெண்டு மாதமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன், கரும்பலகை வழியாக.

இப்போது தப்பு பீஸை மிஷின் பக்கத்தில் போய், மெதுவாகக் காட்டுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் லைனை ஒரு சுற்று வந்து, எது இடிக்கிறது என்று கேட்கிறேன். முதல் வாரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஊசி, நூல், கழிப்பறைத் தாழ்ப்பாள் என்று வரிசையாக வந்தது. தாழ்ப்பாளை அன்றைக்கே மாற்றினோம்.

இந்தத் தீபாவளிக்குப் பிறகு அக்கா புதன்கிழமையே வந்துவிட்டார். வந்ததும் மேலே கை காட்டினார். அவர் மிஷினுக்கு நேர் மேலே தகரக் கூரை, மதியம் அனல் இறங்கும். முதலாளியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். "இந்த ஆர்டர் போகட்டும்" என்கிறார். அக்கா தினமும் கேட்கிறார்.