மெல்லிய மூச்சும் மேனி நலமும்

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் திருக்கோயிலில் வலம் வந்தபின் சிறிது நேரம் அமர்ந்து செல்வது அன்பர்களின் வழக்கம். அவ்வாறு அமர்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறோம் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். இதனை 6 முறையாகக் குறைத்தால் உடலில் நிகழ்வது யாது?

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுப் பயிற்சிக்கு அளவு வகுத்துள்ளார். உள்ளிழுத்தலாகிய பூரகம் 16 மாத்திரை. உள்ளே நிறுத்தலாகிய கும்பகம் 64 மாத்திரை. வெளிவிடுதலாகிய இரேசகம் 32 மாத்திரை. கண் இமைக்கும் பொழுதே ஒரு மாத்திரை என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்தது. இழுக்கும் காலத்தினும் விடும் காலம் இருமடங்கு என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

இதன் பயனை இன்றைய மருத்துவமும் விளக்குகிறது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. இதயத்தை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு, மூச்சை விடுகையில் மிகுதியாகச் செயற்படுவதே காரணம். ஆதலின் நெடுமூச்சு விடுவோர்க்கு உள்ளமும் உடலும் தளர்ச்சி நீங்கி அமைதியுறுகின்றன.

நுரையீரலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் காற்று மூச்சுக்குழாய்களிலேயே தங்கி, காற்றறைகளைச் சேராது திரும்புகிறது. நிமிடத்திற்கு 6 லிட்டர் காற்றை 20 சிறு மூச்சுகளாக இழுத்தால் காற்றறைகளைச் சேர்வது 3 லிட்டரே. அதே காற்றை 6 ஆழ்ந்த மூச்சுகளாக இழுத்தால் 5 லிட்டருக்கு மேல் சேரும்.

2001ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் பெர்னார்டி குழுவினரின் ஆய்வு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. கிறித்தவர்களின் செபமாலையையும் யோக மந்திரத்தையும் 23 பேர் ஓதினர். இரண்டிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய 6 முறையாகத் தானே குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் இயல்பும் கூர்மை பெற்றது. பதிகத்தை அடி முறியாது ஓதும் நம் ஓதுவார்களிடமும் இந்நெடுமூச்சைக் காணலாம்.

இனி என் பிழையையும் கூறுதல் கடன். பணி ஓய்வுக்குப்பின் எனக்கு இரத்த அழுத்தம் கண்டது. நூலறிவு இருக்கிறதே என்னும் செருக்கால், ஆசிரியர் துணையின்றி ஆவடியில் என் இல்லத்திலேயே 64 மாத்திரைக் கும்பகத்தை முயன்றேன். மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தலைசுற்றி விழுந்தேன். மருத்துவர் கடிந்து கூறியது இது: "ஐயா, நீங்கள் எண்ண வேண்டிய மாத்திரை வேறு, விழுங்க வேண்டிய மாத்திரை வேறு. இரண்டையும் விடாதீர்கள்; மூச்சை மட்டும் அடக்காதீர்கள்."

அன்றுமுதல் நான் கைக்கொண்ட முறை எளியது. முதுகு நிமிர்ந்து அமர்க. மூக்கின் வழியே மனத்துள் நான்கு எண்ணும் அளவு வயிறு விரிய இழுக்க. நிறுத்தாது, ஆறு எண்ணும் அளவு மெல்ல விடுக. ஒவ்வோர் எண்ணும் ஒரு நொடியாயின் நிமிடத்திற்கு 6 மூச்சு அமையும். தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். தலைசுற்றினால் உடனே இயல்பு மூச்சுக்குத் திரும்புக.

தொடர்ந்து பயில்வோர்க்கு இரத்த அழுத்தம் சிறிதளவு குறையலாம். அது மருந்துக்கு மாற்றாகாது. இதய நோயாளரும், ஆஸ்துமா உடையாரும், கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. முறையாகக் கற்க விழைவோர்க்கு அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

அடுத்த முறை வலம் வந்து அமரும்போது, எழுவதற்கு முன் ஐந்து நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். உடல் உள்ளவரை உடன்வரும் துணை அதுவே. நலம் பெறுவோமாக.